நிகண்டும் வகுப்பறைச் சுவரும்: இணுவிலை முன்வைத்து ஒரு நோக்கு

தமிழிற் சொல் பற்றிய ஆராய்ச்சி மிகப் பழையது. சொல்லின் பாகுபாடு, சொற்கள் புணரும் முறை, சொற்பொருள் வேறுபாடு ஆகியவற்றை நுணுகி ஆராய்ந்த மரபு எம்முடையது. ஆயினும் ஒரு சிறு பிள்ளை ஒரு சொல்லை எவ்வாறு தன்னுடையதாக்கிக் கொள்கிறது என்னும் வினாவை நாம் அதே ஊக்கத்துடன் ஆராய்ந்தோம் என்று கூறுவதற்கில்லை. அவ்வினா ஆரம்ப வகுப்பு ஆசிரியர்களுக்குரியது என்று பல்கலைக்கழகத்தார் ஒதுங்கிக்கொள்ள, ஆசிரியர்களோ பயிற்சிக் காலத்திற் கற்ற முறையை அப்படியே பின்பற்றி வருகின்றனர்.

இன்று எமது ஆரம்ப வகுப்பறைகளுள் நுழைவோர் முதலிற் காண்பது சுவர்களையே. மட்டைகளில் வண்ணமையினால் எழுதப்பட்ட சொற்கள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. பிள்ளை வாசிக்கும்போதும் எழுதும்போதும் நிமிர்ந்து பார்த்துப் பயன் கொள்ள வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம். இதனைச் 'சொற்சுவர்' எனலாம். 1999 இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் செயல்வழிக் கற்றலை வலியுறுத்தியதன் பின்னர், இத்தகைய காட்சிப்படுத்தல் நல்ல வகுப்பறையின் அடையாளங்களுள் ஒன்றாகவே கருதப்படலாயிற்று. ஆனால், சுவரிற் சொல் இருப்பதும் பிள்ளையிடம் சொல் இருப்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் எதனால் விளைகிறது, அதனைக் குறைக்க எமது சொல் மரபு ஏதேனும் தருமா என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் பணியாகும்.

வினாவைப் பொதுப்படக் கூறாது ஓர் ஊரிற் பொருத்திப் பார்ப்பது தெளிவு தரும். கொக்குவிலுக்கும் மருதனார்மடத்துக்கும் இடையில், காங்கேசன்துறை வீதியின் இருமருங்கும் அமைந்த செம்பாட்டு நிலத்து ஊர் இணுவில். 'பஞ்சவன்னத்தூது' பாடிய சின்னத்தம்பிப் புலவரின் ஊர். புகையிலைத் தோட்டங்களுக்கும் தவில், நாதஸ்வரக் கலைஞர் குடும்பங்களுக்கும் பெயர்பெற்றது. இதன் அயலிலேயே தமிழ்ச் சொற்றொகுப்பின் வரலாற்றில் முக்கியமான நிகழ்வொன்று நடந்தேறியது. மேற்கே மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் அச்சகத்திலிருந்து 1842 இல் வெளிவந்த தமிழ்-தமிழ் அகராதி ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்டிருந்தது. சந்திரசேகர பண்டிதரும் லெவி ஸ்போல்டிங் பாதிரியாரும் அதன் ஆக்கத்திற் பங்குகொண்டனர். 'மானிப்பாய் அகராதி' என்றும் 'யாழ்ப்பாண அகராதி' என்றும் அது வழங்கப்படுகிறது. அதற்கு ஏழாண்டுகளின் பின், 1849 இல், ஆறுமுக நாவலர் சூடாமணி நிகண்டை உரையுடன் அச்சிட்டார். சொற்களை ஒழுங்குபடுத்தும் இரு வேறு முறைகள் ஒரே தலைமுறையில், ஒரே பிரதேசத்தின் அறிஞர் கைகளில், அச்சுக்கு வந்தன என்பது கவனத்திற்குரியது.

இவ்விரு முறைகளின் இயல்பைச் சற்று விரிவாக நோக்குவோம். நிகண்டு மனத்திலிருத்தற் பொருட்டு எழுந்தது. தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் எனப் பொருட்டுறை சார்ந்து சொற்களை அது தொகுக்கும். செய்யுளில் அமைந்தமையால் செவிவழி உள்ளத்திற் பதியும். சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி ஒருசொற் பலபொருளைக் கூறுவது. அது சொற்களை முதலெழுத்தால் அன்றி இரண்டாம் எழுத்தால், அதாவது எதுகையால், வரிசைப்படுத்துகிறது. அகராதியோ தேடிக் காண்பதற்காக எழுந்தது. 1732 இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி முதலெழுத்து வரிசையைத் தமிழில் நிலைநிறுத்தியது. சொல்லை மனத்தில் வைத்திருக்க வேண்டிய தேவையை அகராதி குறைத்தது. முன்பின் அறியாத சொல்லையும் அதிற் கண்டுகொள்ளலாம். ஆனால் தேடுவோனுக்குச் சொல்லின் எழுத்து ஓரளவேனும் முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும்.

சுவரிற் பாடத்தைத் தொங்கவிடும் முறை வேறொரு வழியால் வந்தது. அதன் வரலாற்றிலும் தமிழ்நாட்டுக்குத் தொடர்புண்டு. 1790களிற் சென்னையில் அநாதைச் சிறுவர் பாடசாலையொன்றை நடத்திய அன்றூ பெல், எமது திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனையும் மாணவனைக்கொண்டு மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் இங்கிலாந்துக்கு அறிமுகஞ் செய்தார். அங்கே யோசப் லங்காஸ்ரர் புத்தகத்தின் பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுச் சுவரில் மாட்டினார். பிள்ளைகள் கூட்டங் கூட்டமாக முன்னே நின்று வாசித்தனர். ஒரே புத்தகம் ஒரு பாடசாலைக்கே போதுமானதாயிற்று. சுவர் பாடப்புத்தகமாக மாறியமைக்குக் காரணம் அலங்காரமன்று. புத்தகம் வாங்க வகையற்ற பிள்ளைகளின் வறுமையே. சொற்சுவரை மதிப்பிடுவோர் இத்தொடக்கத்தை மறத்தலாகாது.

இவ்விடத்தில் நிகண்டுக் கல்வியைப் பற்றியும் நேர்மையாக ஒன்று கூறவேண்டும். பழைமையைப் போற்றுவோர் நிகண்டு மனனத்தின் பயனை எடுத்துரைப்பர். அப்பயனை மறுப்பதற்கில்லை. ஆயின் அத்திண்ணையில் யார் அமர முடிந்தது என்பதையும் கேட்க வேண்டும். யாழ்ப்பாணச் சமூகத்திற் சாதியும் பொருளும் பால் வேறுபாடும் பெரும்பாலான பிள்ளைகளை அத்திண்ணைக்கு வெளியே நிறுத்தின. 1824 இல் அயலூரான உடுவிலிற் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது, 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது, 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்பட்டது ஆகிய ஒவ்வொன்றும் அவ்வெல்லையைத் தகர்த்த படிகளாகும். வகுப்பறைச் சுவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருசேரத் தெரிவது. வீட்டிற் புத்தக அலுமாரி உள்ள பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் அது ஒரே சொல்லையே காட்டும். எனவே சுவர் பயனற்றுப் போகுமாயின் வீட்டில் நூல் உள்ள பிள்ளைக்குப் பெரிய இழப்பில்லை. மற்றப் பிள்ளையே இழக்கும்.

சுவர் ஏன் பயனற்றுப் போகிறது? முதற் காரணம், சொற்சுவரின் இன்றைய வடிவம் ஆங்கில மொழியின் தேவையையொட்டி உருவானது என்பதே. ஆங்கிலத்தில் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு சீரற்றது. அடிக்கடி வரும் சிறு சொற்கள் பலவற்றை எழுத்துக் கூட்டி வாசிக்க இயலாது. கண்ணாற் கண்டு முழு உருவாகவே நினைவிற் கொள்ளவேண்டும். ஆகவே அச்சொற்களை முதலெழுத்து வரிசையிற் சுவரில் எழுதி எப்போதும் கண்முன் நிறுத்துகின்றனர். அம்மொழிக்கு அது பொருத்தமே. தமிழின் நிலை வேறு. எழுத்துகளை அறிந்த பிள்ளை முன்பு கண்டிராத சொல்லையும் பெரும்பாலும் பிழையின்றி வாசித்துவிடும். 'அம்மா', 'படம்', 'வீடு' என்னும் சொற்களை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய தேவை அதற்கில்லை. தமிழ்ப் பிள்ளையின் இடர்ப்பாடு வாசிப்பதிலன்றி எழுதுவதிலேயே பெரிதும் வெளிப்படுகிறது. அவ்விடர்ப்பாடுகள் மூவகைப்படும்.

முதலாவது, ஒலியால் நெருங்கிய எழுத்துகள். யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் பெரிதும் ளகரமாகவே ஒலிக்கும். 'வாழைப்பழம்' என்று சொல்வது கேட்டு எழுதும் பிள்ளை எங்கே தடுமாறும் என்பதை ஆசிரியர் அறிவர். நகர னகர வேறுபாடும் அத்தகையதே. இங்கே முதலெழுத்து வரிசையின் பெருங்குறையொன்று தோன்றுகிறது. நன்னூலார் கூறும் மொழி முதலாகும் எழுத்துகளை எண்ணிப் பார்ப்போமாயின், பதினெட்டு மெய்களுள் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டின் வரிசைகளும் அவற்றுள் இல்லை. பிள்ளையை மிகவும் மயங்க வைக்கும் எழுத்துகள் ஏறக்குறைய முழுவதும் இவ்வெட்டினுள் அடங்கும். ஆகவே, 'அ' முதலாகச் சொற்களை அடுக்கிய சுவரில் 'ழ' என்னும் தலைப்பே இராது. 'மழை' மகரத்திலும் 'பழம்' பகரத்திலும் 'கிழமை' ககரத்திலும் சிதறிக்கிடக்கும். பிள்ளை காண வேண்டிய ஒற்றுமையை அவ்வரிசையே மறைத்துவிடுகிறது. நிகண்டின் எதுகை வரிசையோ இவற்றை ஒருங்கே கொணரும். மழை, தழை, விழா, கிழங்கு என ஒருபுறமும், வெள்ளி, பள்ளி, தோள், வாள் என மறுபுறமும் எழுதப்பட்ட சுவர் ஒலிமயக்கத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்தும். மனனத்துக்காக ஏற்பட்ட ஒழுங்கு எழுத்துப் பயிற்சிக்கும் உதவக்கூடும் என்பதை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம்.

இரண்டாவது, சொல் உருமாறும் தன்மை. தமிழிற் பெயர்ச்சொல் எழுவாயாக நின்றவாறே வாக்கியம் முழுவதும் நடமாடுவதில்லை. வேற்றுமை ஏற்கும்போது அடி திரிகிறது. இணுவிலிற் கிணற்றை அறியாத பிள்ளை இல்லை. சுவரிற் 'கிணறு' என்று எழுதிக் கிணற்றின் படத்தையும் ஒட்டிவைக்கிறோம். ஆனால் பிள்ளை எழுத முற்படுவது 'கிணறு' அன்று; வாளி விழுந்த கதையை அது எழுத விரும்புகிறது. வாய்மொழியில் அது 'கிணத்துக்கை விழுந்திட்டுது' என்பதாகும். எழுத்தில் வேண்டப்படுவது 'கிணற்றுக்குள் விழுந்துவிட்டது' என்பது. சுவரிலுள்ள 'கிணறு' இவ்விடத்திற் கைகொடுக்காது. 'கிணறு: கிணற்றை, கிணற்றில், கிணற்றுக்கு' என்று எழுதப்பட்டிருந்தால் மட்டுமே உதவும். அதன் கீழே ஆறு, வயிறு, சோறு என்பனவும் அவ்வாறே வருமெனக் காட்டினால் ஒரு சொல்லால் ஓர் இனமே பிள்ளையின் வசமாகும். வினைச்சொற்களின் நிலையும் இதுவே. 'வா' என்னும் அட்டையிலிருந்து 'வந்தான்', 'வருவான்' என்பவற்றைப் பிள்ளை தானாகப் பெறமுடியாது. பனை, காய் என்னும் இரு அட்டைகள் 'பனங்காய்' என்னும் சொல்லைத் தாமாகத் தந்துவிடமாட்டா. அகராதி தலைச்சொல்லை மட்டும் தருவது அதன் இயல்பு. அதனைப் பயன்படுத்துவோன் மொழியை முன்னரே கற்றவன். சிறுபிள்ளைக்குரிய சுவர் அகராதியைப் பின்பற்றித் தலைச்சொற்களோடு அமைந்துவிடுதல் பொருந்தாது.

மூன்றாவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. இதுவே மிகவும் சிக்கலானது. 'அவை' என்னும் சிறு சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தமிழில் அது அஃறிணைப் பன்மை. யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் வாயில் 'அவை வருகினம்' என்றால் மனிதர் வருகிறார்கள் என்பது பொருள். மூவிடப் பெயர்களின் அட்டவணையில் 'அவை' என்று வெறுமனே எழுதித் தொங்கவிடும்போது, பிள்ளை தன் வீட்டுப் பொருளையே அதிற் படித்துக்கொள்கிறது. பிறகு 'மாமாவும் மாமியும் வந்தனர். அவை எங்களுடன் தங்கின' என்று எழுதினால் சிவப்புக் கோடு விழுகிறது. சுவரைப் பார்த்து எழுதிய பிள்ளைக்கே பிழை விழுந்தால் அது சுவரை மேலும் நம்புமா?

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. 'உது', 'உவன்', 'உங்கே' என்னும் உகரச் சுட்டு இணுவிற் பிள்ளையின் அன்றாட வழக்கு. தொல்காப்பியம் கூறும் மூன்று சுட்டுகளுள் ஒன்று அது. தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கொழிந்தது. எம் பிள்ளைகளின் நாவில் வாழ்கிறது. எனினும் 'அது, இது' என்பதோடு அட்டவணை முடிந்துவிடுமாயின், தன் வாய்மொழி முழுவதும் கொச்சையென்றே பிள்ளை எண்ணத் தலைப்படும். பழந்தமிழின் செல்வமொன்றைத் தன்னிடத்தில் வைத்துக்கொண்டே அப்பிள்ளை தன் தமிழைப் பற்றிக் கூச்சங்கொள்கிறது. துலா, பட்டை, தறை, பாத்தி முதலிய தோட்டச் சொற்களுக்கும் இது பொருந்தும். துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்துப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அச்சொற்களைத் தாத்தாவிடம் கேட்டறிந்து பிள்ளை சுவரில் எழுதுமாயின், ஊரின் உழைப்பு வரலாறும் வகுப்பறைக்குள் வரும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். பேச்சுவடிவைச் சுவரில் எழுதினால் அதற்கு அங்கீகாரம் கிடைத்துவிடும், பிள்ளையின் செந்தமிழ் கெடும் என்பர். இது புறக்கணிக்கத்தக்க தடையன்று. எழுத்துத் தமிழைப் பிள்ளைக்கு முழுமையாக வழங்குவது பாடசாலையின் கடமை. அதுவே உயர்கல்விக்கும் உத்தியோகத்துக்கும் வாயில். ஆனால் பேச்சுவடிவை மறைப்பதால் அது பிள்ளையின் மனத்தை விட்டு நீங்குவதில்லை. 'நாம் சொல்வது', 'நாம் எழுதுவது' என இரு நிரல்களில் இரண்டையும் எதிரெதிரே வைத்தாற் பிள்ளை ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்லும் வழியை அறிந்துகொள்ளும். வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டையும் ஆராய்ந்தே நூல் செய்யப்பட்டதெனத் தொல்காப்பியப் பாயிரம் கூறுவதை நினைவு கூர்வோமாயின், இந்த இரு நிரல் எமது இலக்கண மரபுக்கு அந்நியமானதன்று.

இனி, சுவரிலுள்ள சொல்லின் அளவும் ஆயுளும் பற்றிச் சிறிது கூறலாம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2014 இல் வெளியிட்ட ஆய்வொன்று 24 சிறுவரை இருவகை அறைகளிற் படிப்பித்துப் பார்த்தது. சுவர் நிறைய அலங்கரிக்கப்பட்ட அறையிற் பிள்ளைகளின் கவனம் பாடத்தை விட்டு விலகிய நேரம் 38.6 வீதமாகவும், வெறுமையான அறையில் 28.4 வீதமாகவும் இருந்தது. பாடத்தையொட்டிய சோதனையிற் சரியான விடைகள் முன்னதில் 42 வீதம், பின்னதில் 55 வீதம். சிறு தொகையினரைக் கொண்ட இவ்வாய்விலிருந்து பெருமுடிவு கட்டலாகாது. அச்சுவர்களில் இருந்தவை அன்றைய பாடத்தோடு தொடர்பற்றவை என்பதையும் மனங்கொள்ள வேண்டும். எனினும் மேற்பார்வைக்கு வருவோரின் கண்ணை நிறைக்கும் சுவர் பிள்ளையின் கவனத்தைக் குலைக்கவுங்கூடும் என்னும் எச்சரிக்கையை அது தருகிறது.

நியூசிலாந்தில் மயோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா அஷ்ரன் வாணர் 1963 இல் வெளியிட்ட நூலில் வேறொரு வழியைக் காட்டினார். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு வேண்டிய சொல்லைத் தானே கேட்கும். ஆசிரியர் அதனை அட்டையில் எழுதிக் கையிற் கொடுப்பார். அச்சொல் பிள்ளையின் மனத்தில் நிலைக்கவில்லையாயின் அட்டை நீக்கப்படும். சொல்லை நிறுத்துவதா நீக்குவதா என்பதைப் பிள்ளையின் பயன்பாடே தீர்மானித்தது. எமது சுவர்களில் தை மாதத்தில் ஏறிய அட்டை மார்கழி வரை நிறம் மங்கித் தொங்குவதைக் காணும்போது இவ்வழியின் அருமை விளங்கும். இந்த வாரப் பாடத்தில் வந்த பத்துச் சொற்கள் சுவரில் ஏறட்டும்; பிள்ளைகள் அவற்றை வாயாற் சொல்லி, வாக்கியத்தில் அமைத்து, சொந்தக் கதையில் எழுதட்டும்; பின்னர் அவை இறங்கட்டும். இறங்கிய பின்னரும் பிள்ளை அவற்றை எழுதுமாயின் சுவர் தன் கடமையைச் செய்ததாகும்.

இணுவிலின் இசை மரபும் இதனையே கற்பிக்கிறது. இவ்வூரின் பெயரைத் தமிழ்நாடு வரை கொண்டுசென்ற தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933-1975) வளர்ந்த கலையிற் பயில்வோர் சொற்கட்டுகளை முதலில் வாயாற் சொல்லிப் பழகுவர். வாயில் நிலைத்ததே கையில் வரும். ஏட்டில் எழுதிய சொற்கட்டு நினைவுக்குத் துணை செய்யும். அதனைப் பார்த்துக்கொண்டே எவரும் கச்சேரி வாசிப்பதில்லை. வாய், கண், கை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் இவ்வொழுங்கு தவிற் பயிற்சியிலே இருக்கிறது. அதே ஊரின் எழுத்துப் பயிற்சியிற் கண் மட்டும் தனித்து விடப்பட்டிருப்பது விந்தையே.

சுவரை மட்டும் நம்புதல் எத்துணை ஆபத்தானது என்பதை எமது அண்மைக்கால வரலாறு வேறொரு விதத்திற் காட்டியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிற் புறப்பட்டுத் தென்மராட்சி நோக்கிச் சென்றனர். வகுப்பறைகள், அவற்றின் சுவர்கள், சுவர்களில் இருந்த அட்டைகள் யாவும் பின்னே கிடந்தன. நூல்களும் பெரும்பாலும் அவ்வாறே. அப்பிள்ளைகளுடன் சென்றவை நாவிலும் நினைவிலும் கையிலும் ஏறியிருந்த சொற்கள் மட்டுமே. நிகண்டு கற்றவன் எங்கு சென்றாலும் தன் சொற்களோடு சென்றான். அவனைச் சூழ்ந்திருந்த சமூகத்தின் குறுகிய எல்லை ஏற்கத்தக்கதன்று, ஆயினும் அவன் கற்ற முறையின் இவ்வலிமை ஏற்கத்தக்கது.

தொகுத்து நோக்குமிடத்து, வகுப்பறைச் சொற்சுவர் கைவிடப்பட வேண்டியதன்று, திருத்தியமைக்கப்பட வேண்டியது. அது நிகண்டிடமிருந்து பொருட்டுறைத் தொகுப்பையும் எதுகை ஒழுங்கையும் பெற்றுக்கொள்ளலாம். இலக்கணத்திடமிருந்து திரிந்த அடியையும் புணர்ச்சியையும், ஊரிடமிருந்து பேச்சையும் தொழிற்சொற்களையும் பெற்றுக்கொள்ளலாம். இவற்றைத் தேர்ந்து, நிரல்படுத்தி, ஆசிரியர் கையிற் கொடுக்கும் பொறுப்பு மொழியியலும் இலக்கணமும் பயிலும் பல்கலைக்கழக மாணவர்க்கும் விரிவுரையாளர்க்கும் உரியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள திருநெல்வேலியிலிருந்து இணுவில் சில கல் தொலைவிலேயே உள்ளது. நன்னூலின் எழுத்ததிகாரத்தைக் கற்ற ஒருவர் அங்குள்ள மூன்றாந் தர வகுப்பொன்றில் ஒரு நாள் அமர்ந்து, பிள்ளைகள் எழுதும் பிழைகளைக் குறித்து வருவாராயின், அடுத்த வாரச் சுவருக்கு வேண்டிய சொற்கள் அக்குறிப்பிலேயே இருக்கும்.